நாற்று ஏன் நூலாக நீள்கிறது, பூ ஏன் கொட்டுகிறது: வீட்டுப் பசுமைக்குடில் வைத்திருப்பவருக்கு ஒரு பதில்

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். 10 அடிக்கு 8 அடியில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு ஒரு பசுமைக்குடில் கட்டியிருக்கிறீர்கள். குழித்தட்டில் தக்காளி, மிளகாய், வெள்ளரி விதை போட்டு, வெயில் படக்கூடாது என்று அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்திருக்கிறீர்கள். எல்லாம் முளைத்தது. முளைத்தவை நூல் மாதிரி நீண்டு சாய்ந்தன, கால்வாசி நாற்று மண்ணை ஒட்டி மடிந்து விழுந்தது. தப்பியதில் பாதியை வெளியே பாத்தியில் நட்டீர்கள். இரண்டே நாளில் இலை வெளுத்துக் காகிதமாயிற்று. மீதியைக் குடிலுக்குள்ளேயே விட்டீர்கள். இடுப்பளவு வளர்ந்தது, பூத்தது, பூவெல்லாம் கொட்டியது. எந்த உரம் போட்டால் சரியாகும், கூடவே எலுமிச்சையும் ஸ்ட்ராபெர்ரியும் உள்ளே வைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

உரக் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கு கோளாறில் ஒன்றுகூடப் பசியால் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. வெளிச்சம் போதவில்லை, ஈரம் கூடிப்போயிற்று, உள்ளே அடைபட்ட சூடு வெளியேறவில்லை. உங்கள் உண்மையான கேள்வி, "இந்தக் கூடாரத்துக்குள் என்னதான் நடக்கிறது?" என்பதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் தோட்டக்கலை படித்தவன். 20 வருடமாக நாற்று வளர்த்து விற்பதே பிழைப்பு. ஆனாலும் உங்கள் செடியை நான் நேரில் பார்க்கவில்லை, படமும் இல்லை, எந்த ஊர், எந்தப் பருவம் என்றும் நீங்கள் சொல்லவில்லை. அதனால் மாதக் கணக்கை விட்டுவிட்டு வெப்பநிலைக் கணக்கில் பேசுகிறேன். குளிர் ஊருக்கும் வெயில் ஊருக்கும் அது ஒன்றுதான்.

முதலில் நீண்டுபோன நாற்று. இதற்குக் காரணம் வெளிச்சக் குறைவுதான், இதில் சந்தேகமே இல்லை. இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கும் அப்பாலுள்ள தூரச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் கடத்திவிடும். ஆகவே இன்னொரு செடியின் நிழலில் இருக்கும் நாற்றுக்குத் தூரச்சிவப்பு அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும் கிடைக்கும். பைட்டோகுரோம் என்ற நிறமி அந்த விகிதத்தைக் கணித்து, "மேலே யாரோ மறைக்கிறார்கள், தண்டை நீட்டு" என்று சொல்லிவிடுகிறது. நெருக்கமாக முளைத்த தட்டில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு நீளுவது இதனால்தான். மொத்த வெளிச்சமே குறைவாக இருந்தாலும் இதே கதைதான். அலமாரியின் கீழ்த்தட்டு என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் எந்த நாற்றும் ஒழுங்காக வராது. முளைக்கும் வரைக்கும் தட்டை இருட்டில் அடுக்கி வைக்கலாம், நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். பத்து விதையில் இரண்டு மண்ணைக் கீறிக்கொண்டு வந்துவிட்டால் அன்றைக்கே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று ஒரு நாள் விட்டால் வெள்ளரி இரண்டு அங்குலம் நீண்டு நிற்கும், அதை மறுபடி குட்டையாக்க வழியில்லை.

வெயில் கடுமையான இடமாக இருந்தால் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, குடிலின் மேல்தட்டில் வையுங்கள். வெளிச்சம் குறைந்த குளிர்காலமாக இருந்தால் எல்.இ.டி. விளக்கு வைத்து நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். நாற்றின் தலைக்கு மேல் அரையடிக்குள் விளக்கு இருக்க வேண்டும், நாற்று உயர உயர விளக்கையும் உயர்த்த வேண்டும். இரவில் உள்ளே சூடு குறையாமல் புழுங்கினாலும் தண்டு நீளும். இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள்: தினமும் காலையில் உள்ளங்கையால் நாற்றின் தலையை மெல்ல, பூனையைத் தடவுவதுபோலப் பத்து இருபது தடவை தடவிக் கொடுங்கள். தொட்டால் செடி குட்டையாகவும் தண்டு தடித்தும் வளரும். 1973-ல் ஜாஃபி என்ற தாவரவியலாளர் இதற்கு ஒரு நீளமான பெயரே வைத்தார். காற்றில் ஆடும் செடி உறுதியாவதும் இதே காரணத்தால்தான். ஒரு சின்ன மின்விசிறி இதே வேலையைச் செய்யும், ஈரத்தையும் காய வைக்கும். இலை நனைந்திருக்கும்போது மட்டும் தடவாதீர்கள், நோய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்.

ஏற்கெனவே நீண்டுபோன தக்காளி நாற்றை எறிய வேண்டாம். தக்காளித் தண்டு மண்ணுக்குள் போன இடமெல்லாம் வேர் விடும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, வித்திலை (விதையிலிருந்து முதலில் விரியும் இலை) வரைக்கும், வேண்டுமானால் அதற்கு மேலும் புதைத்து நடலாம். மிளகாயை ஓரளவுக்குத்தான் அப்படிச் செய்யலாம். வெள்ளரியில் இந்த விளையாட்டு வேண்டாம், தண்டு அழுகிவிடும்.

அடுத்தது மடிந்து விழுந்த நாற்று. ஒன்றைப் பிடுங்கி, உள்ளங்கையில் வைத்து, மண் மட்டம் இருந்த இடத்தைப் பாருங்கள். மேலே பச்சையாக, இலையெல்லாம் நன்றாக இருக்கும். மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்குத் தண்டு பழுப்பாகி, நீர் கோத்து, நூல் சுற்றி இறுக்கியதுபோல ஒடுங்கியிருக்கும். அப்படி இருந்தால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற, மண்ணில் வாழும் பூஞ்சை வகைக் கிருமிகள் செய்யும் வேலை. இவற்றில் பித்தியம் நீரில் நீந்திப் போகக்கூடிய வித்துகளை உண்டாக்கும், ஆகவே தட்டு சொதசொதவென்று இருந்தால் ஒரு மூலையில் தொடங்கியது இரண்டு நாளில் வட்டமாகப் பரவும். ஒடுக்கம் எதுவும் இல்லாமல் தண்டு வெறுமனே சாய்ந்திருந்தால் அது நீண்டுபோனதால் வந்த தளர்ச்சிதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு மருந்து அடிப்பவர்கள் நிறையப் பேர்.

விழுந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. அதைச் சுற்றியுள்ள நாற்றுகளையும் சேர்த்து அகற்றிவிட்டுத் தண்ணீரை நிறுத்துங்கள், காற்றைக் கூட்டுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை நாற்று போடும் கலவையில் கலந்தால் உதவும், ஆனால் விதைக்கும் முன்பே கலக்க வேண்டும். நோய் வந்தபின் ஊற்றினால் பயனில்லை என்பதே என் அனுபவம். பழைய தட்டுகளைக் கழுவி, குளோரின் சலவைத்திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு கலந்து பத்து நிமிடம் ஊறவைத்துக் காயவைத்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்துங்கள். தோட்டத்து மண்ணை நாற்றுத் தட்டில் போடவே போடாதீர்கள். அதில் நோய்க்கிருமி இருக்கும், அந்தச் சின்னக் குழிக்குள் அது இறுகியும் போகும். நான் போடும் கலவை, கழுவிய தென்னை நார்த்தூள் மூன்று பங்கு, நன்கு மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் (பொரி போல லேசான வெள்ளைக் கல்) ஒரு பங்கு. நார்த்தூளை ஏன் கழுவ வேண்டும் என்றால் அதில் உப்பு தங்கியிருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்து வடித்தால் போதும்.

தண்ணீருக்குக் கடிகாரம் பார்ப்பதை விட்டுவிடுங்கள். காலை ஒன்று மாலை ஒன்று என்ற கணக்குத்தான் உங்கள் நாற்றைக் கொன்றிருக்கிறது. தட்டைத் தூக்கிப் பாருங்கள். நனைந்த தட்டு என்ன கனம், காய்ந்த தட்டு என்ன கனம் என்று இரண்டு நாள் தூக்கினால் கை கற்றுக்கொள்ளும். மேல்பரப்பு வெளிறி, தட்டு லேசாக இருக்கும்போது, ஒரு பெரிய தட்டில் அரை அங்குலம் தண்ணீர் ஊற்றி அதில் குழித்தட்டை இறக்குங்கள். கீழிருந்து உறிஞ்சி மேல்பரப்பு கறுத்ததும் எடுத்துவிடுங்கள். தண்டு நனையாது, மேல்பரப்பு சீக்கிரம் காயும். வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், ஈரத்தோடு இரவுக்குள் போகக்கூடாது.

முளைப்பு உங்களுக்குச் சிக்கலாக இல்லை, அதனால் அதைப் பற்றிச் சுருக்கமாக. விதையின் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். மண்ணின் சூடுதான் நாளைத் தீர்மானிக்கும்: தக்காளி 25 டிகிரி செல்சியஸில் 6 நாளில் முளைக்கும், 15 டிகிரியில் 14 நாள், 10 டிகிரியில் 43 நாள். மிளகாய் 25 டிகிரியில் 8 நாள், 15 டிகிரியில் 25 நாள். வெள்ளரி 30 டிகிரியில் மூன்றே நாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு ஒரே நாளில் நட நினைத்தால் ஏமாற்றம்தான். மிளகாய் நாற்றுக்கு 40 நாள் வேண்டும், தக்காளிக்கு 25 முதல் 30 நாள், வெள்ளரி இரண்டு வாரம் தாண்டினாலே தட்டில் சலித்துப் போகும். வெள்ளரி வகைகளுக்கு வேர் அசைந்தால் பிடிக்காது. கேரட், முள்ளங்கி, பீன்ஸ் இவற்றையெல்லாம் தட்டில் போட்டுப் பறித்து நடுவது வீண்வேலை, பாத்தியிலேயே நேராக விதைத்துவிடலாம். பழைய விதை என்றால் பத்து விதையை ஈரக் காகிதத்தில் மடித்து வைத்து எண்ணிப் பாருங்கள். வெங்காய விதை ஒரு வருடத்திலேயே உயிர்ப்பை இழக்கத் தொடங்கும், தக்காளி நான்கு வருடம்கூடத் தாங்கும்.

உரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வித்திலை விரியும்வரை விதைக்குள் இருக்கும் உணவே போதும். இரண்டாவது ஜோடி உண்மையான இலை வரும்போது, திரவ உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்காக்கி வாரம் ஒருமுறை கொடுங்கள். மண்புழு உரம் கலந்த கலவையில் அதுகூடச் சில நேரம் தேவைப்படாது. பச்சைச் சாணமோ பாதி மக்கிய எருவோ குடிலுக்குள் வேண்டாம். மூடிய இடத்தில் அதிலிருந்து வரும் அமோனியா இலை ஓரத்தைக் கருக்கிவிடும். பயிர் பெரிதானபின் பாத்திக்கு மக்கிய எரு, மேலே மூடாக்கு. தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் செடி காடாக வளரும், காய் வராது.

இனி குடில். உள்ளே சூடு எப்படி ஏறுகிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். வெயில் உள்ளே வருகிறது, கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ வெப்பக் கதிரை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது என்றுதான் பள்ளிப் பாடம். 1909-ல் ராபர்ட் வுட் என்ற இயற்பியலாளர் இரண்டு பெட்டி செய்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, இன்னொன்றுக்கு வெப்பக் கதிரைத் தாராளமாக வெளியே விடும் பாறையுப்பு மூடி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடேறின. அதாவது இத்தனை சின்னக் கூடத்தில் முக்கிய வேலையைச் செய்வது காற்று அடைபடுவதுதான். சூடான காற்று மேலே போய்க் கலைந்துவிடாமல் கூரை தடுக்கிறது, அவ்வளவே. அப்படியானால் சூட்டைக் குறைக்கும் வழியும் அதுவே: காற்றுக்கு வழி விடுவது.

கணக்கு இப்படி வரும். தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும். உங்களுடையது 80 சதுர அடி, ஆகவே 16 சதுர அடி. அதில் பெரும்பகுதி கூரை உச்சியிலும், கொஞ்சம் கீழே பக்கவாட்டிலும் இருந்தால் சூடு புகைபோக்கியில் போவதுபோல மேலே போகும், கீழிருந்து புதுக்காற்று வரும். பூச்சி வலை கட்டியிருந்தால் காற்று பாதியாகக் குறையலாம், அப்போது திறப்பை இன்னும் பெரிதாக்க வேண்டும். மின்விசிறி வைப்பதானால் கோடையில் நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே உள்ள காற்று முழுக்க மாறவேண்டும். 8 அடி உயரம் என்று வைத்தால் நிமிடத்துக்கு 640 கன அடி தள்ளும் விசிறி. கதவு ஒன்றை மட்டும் வைத்துக் கட்டிய குடில்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம், மேகமூட்டமான ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடிலைத் திறக்காமல் வெளியே போய்விட்டேன். பத்து மணிக்கு மேகம் கலைந்திருக்கிறது. மதியம் வந்து கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த சூடு இன்னும் நினைவிருக்கிறது. வெப்பமானி 51 டிகிரி காட்டியது. நாலாயிரம் தக்காளி நாற்று, வெந்த கீரை மாதிரி தட்டின் விளிம்பில் தொங்கிக் கொண்டிருந்தது. கத்தரி மட்டும் பாதி பிழைத்தது. அன்றைக்குப் பிறகு, கூரைச் சாளரத்தைத் தானே திறக்கும் மெழுகுக் குழாய்த் தாங்கி ஒன்று மாட்டினேன். உள்ளிருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து சாளரத்தைத் தள்ளும், ஆறினால் சுருங்கி மூடும், மின்சாரம் வேண்டாம். இந்தக் குடிலுக்கு நீங்கள் ஒரே ஒரு பொருள் வாங்குவதானால் உரத்துக்குப் பதில் அதை வாங்குங்கள்.

இரவு வேறு கணக்கு. ஒற்றைப் பிளாஸ்டிக் விரிப்பு இரவுக் குளிரை ஓரிரண்டு டிகிரிதான் தடுக்கும். பகலில் அடுப்பாக இருப்பது இரவில் போர்வையாக இருக்கும் என்று நம்பி உறைபனியில் தக்காளியை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் நிரப்பிய பீப்பாய் இரண்டு வைத்தால் கொஞ்சம் உதவும், சின்னக் குடிலில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

வெளியே நட்ட நாற்று வெளுத்ததற்கு வருவோம். குடில் பிளாஸ்டிக் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியைத் தடுக்கிறது. உள்ளே காற்றும் ஈரமாக இருக்கிறது. அங்கே வளர்ந்த இலைக்கு மேலே மெழுகுப் பூச்சு மெல்லியதாக இருக்கும், கதிரை உறிஞ்சிக்கொள்ளும் காப்புப் பொருளும் குறைவாக இருக்கும். அதைத் திடீரென்று வெட்டவெளிக்குக் கொண்டுபோனால் எரிந்துதான் போகும். 7 முதல் 10 நாள் பழக்க வேண்டும். முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், பிறகு நிழல். மறுநாள் இரண்டு மணி நேரம். தண்ணீரையும் கொஞ்சம் குறைக்கலாம், வாடவிடக்கூடாது. காற்று பலமாக அடிக்கும் நாளில் வெளியே வைக்க வேண்டாம். வெயிலைவிடக் காற்று மோசம் என்று சில நேரம் தோன்றும். நடவு மாலையில். வெளுத்த செடிகளை இப்போதே பிடுங்காதீர்கள். வெளுத்த இலை மறுபடி பச்சையாகாது, ஆனால் நடுக்குருத்து பச்சையாக இருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும். ஒரு வாரம் நிழல் கொடுத்துப் பாருங்கள்.

பூ கொட்டியதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும். பகல் 32 டிகிரியைத் தாண்டி, இரவும் 21-24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் போனால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும். பூ காய்ப் பிடிக்காமல் காம்போடு உதிரும். இரவு 13 டிகிரிக்குக் கீழே போனாலும் காய் பிடிப்பது குறையும். இதில் ஐயமில்லை. இரண்டாவது காரணம், உள்ளே காற்றும் இல்லை, வண்டும் இல்லை. தக்காளிப் பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனால் அந்த மகரந்தம் ஒரு மஞ்சள் கூம்புக்குள் இருக்கிறது, உலுக்கினால்தான் கொட்டும். வெளியே காற்று உலுக்கும். பம்பிள்பீ என்ற பெரிய வண்டுத்தேனீ பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைத்து உதிர்க்கும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. 1980-கள் வரை ஐரோப்பியக் கண்ணாடிக் குடில்களில் ஆட்கள் அதிர்வுக் கோலை வைத்துக்கொண்டு கொத்துக் கொத்தாகத் தட்டிக் கொண்டிருந்தார்கள். பெல்ஜியத்தில் 1987-ல் அந்த வண்டை வளர்த்து விற்கத் தொடங்கிய பிறகு அந்த வேலை பெரும்பாலும் ஒழிந்தது. உங்களுக்கு வண்டு வேண்டாம். முற்பகல் பத்து மணியிலிருந்து மதியம் வரை, மகரந்தம் உலர்ந்திருக்கும் நேரத்தில், பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். மின்சாரப் பல்துலக்கியின் பின்பக்கத்தைக் காம்பில் ஒரு நொடி வைத்தால் மஞ்சள் தூள் பறப்பதையே பார்க்கலாம். கோடை நீளமான ஊர் என்றால் செர்ரி தக்காளி வகையைப் போடுங்கள். பெரிய காய் வகைகளைவிட அவை சூட்டில் நன்றாகக் காய்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளரியில் முதல் பத்துப் பன்னிரண்டு நாள் பூ கொட்டினால் கவலை வேண்டாம், முதலில் வருவது ஆண் பூ. பெண் பூவுக்குப் பின்னால் பிஞ்சு இருக்கும். ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் ஒற்றி எடுங்கள். விதை உறையில் மகரந்தச்சேர்க்கை இல்லாமல் காய்க்கும் குடில் ரகம் என்று போட்டிருந்தால் இதைச் செய்யக்கூடாது. செய்தால் காய் ஒரு பக்கம் புடைக்கும்.

எலுமிச்சை, ஸ்ட்ராபெர்ரி. ஸ்ட்ராபெர்ரி வைக்கலாம். 15 முதல் 25 டிகிரி அதற்குப் பிடித்த சூடு; ஆகவே வெயில் ஊரில் குளிர்ந்த பருவத்தில் மட்டும். நடும்போது நடுக்குருத்து மண் மட்டத்தில் இருக்க வேண்டும். புதைந்தால் அழுகும், தூக்கி நின்றால் வேர் காயும். புதுச் செடியின் முதல் பூக்களைக் கிள்ளிவிட மனம் வராது, கிள்ளிவிடுங்கள். குடிலுக்குள் தூரிகையால் பூவைச் சுற்றிச் சுற்றி வருடினால் பழம் கோணாமல் வரும். எலுமிச்சைக்கு ஒட்டுக்கன்று வாங்குங்கள். விதையிலிருந்தும் வரும், சிட்ரஸ் விதைகள் பலவற்றில் தாயை அப்படியே ஒத்த கன்று முளைப்பதுண்டு, ஆனால் பூப்பதற்கு ஐந்து வருடமோ மேலேயோ காத்திருக்க வேண்டும். உறைபனி விழும் ஊராக இருந்தால் தொட்டியில் வைத்துக் குளிர்காலத்துக்கு மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். உறைபனியே இல்லாத ஊரில் எலுமிச்சைக்குக் குடில் எதற்கு? வெளியே வையுங்கள், இடம் மிச்சம்.

படரும் பழக்கொடிக்கு ஆசை வந்தால் ஒரு செய்தி. லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ல் நட்ட திராட்சைக் கொடி இன்னமும் காய்க்கிறது. கொடி கண்ணாடிக் குடிலுக்குள் பரவியிருக்கிறது, வேரோ வெளியே வெறும் நிலத்தில் இருக்கிறது. அந்த நிலத்தில் வேறெதையும் நடுவதில்லை. இடம் குறைந்தவர்களுக்கு இது நல்ல உத்தி: வேர் வெளியே, தலை உள்ளே.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்த வருடம் கேட்பீர்கள். குடிலுக்குள் மழை பெய்வதில்லை. அதனால் தரையில் உப்புச் சேரும், ஒரே குடும்பத்துச் செடியைத் திரும்பத் திரும்ப வைத்தால் வேர்முடிச்சு நூற்புழுவும் சேரும். தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றும் ஒரே குடும்பம் என்பதை மறக்க வேண்டாம். உச்ச வெயில் காலத்தில் பாத்தியை நனைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் இறுக்கி மூடி, 4 முதல் 6 வாரம் விட்டால் மேல்மண்ணில் உள்ள கிருமிகள் பெரும்பாலும் வெந்துவிடும். இஸ்ரேலில் யாக்கோவ் கட்டான் 1976-ல் வெளியிட்ட முறை இது. மேகமூட்டமான ஊரில் பலிக்காது. பூச்சியைப் பொறுத்தவரை, மஞ்சள் ஒட்டும் அட்டை வெள்ளை ஈ வந்துவிட்டதா என்று சொல்லும், ஒழிக்காது. இலையின் அடிப்பக்கத்தை வாரம் இரண்டு முறை புரட்டிப் பாருங்கள். 1926-ல் இங்கிலாந்தில் தக்காளி வளர்த்த ஒருவர், வெள்ளையாக இருக்க வேண்டிய வெள்ளை ஈக் கூட்டுப்புழுக்களில் சில கறுப்பாக இருப்பதைக் கவனித்துப் பூச்சியியலாளரிடம் காட்டினார். வெள்ளை ஈயின் புழுவுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் என்கார்சியா என்ற குட்டிக் குளவி அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இன்றைக்கும் குடில்களில் அதை விடுகிறார்கள். இலையைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால்தான் இதெல்லாம் கண்ணில் படும்.

கடைசியாக, எல்லோரும் சொல்லும் சில கைவைத்தியம். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுகுவது நிற்கும் என்கிறார்கள். அந்த அழுகல் சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது உண்மை. பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும். ஒரு நாள் வெள்ளம் ஒரு நாள் வறட்சி என்று தண்ணீர் விட்டால் காய் வரைக்கும் அது ஏறாது. ஓடு மக்க மாதக் கணக்காகும், அந்தப் பருவத்துக் காய்க்கு உதவாது. தட்டில் இலவங்கப்பட்டைத் தூள் தூவினால் நாற்றழுகல் வராது என்பதற்கு நான் பார்த்தவரை ஆதாரம் பலமாக இல்லை. தூவியவர்கள் மேல்பரப்பைக் காயவிட்டதாலும் பலன் கிடைத்திருக்கலாம். எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் தரும் உப்பு, செடிக்கு மெக்னீசியக் குறை இருந்தால் மட்டும் போடலாம். செண்டுமல்லி வைத்தால் வெள்ளை ஈ குறைகிறது என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதன் வாசனையில் உள்ள லிமோனீன் காரணம் என்கிறார்கள். ஆனால் மொய்த்தபின் கொண்டுவந்து வைத்தால் பலன் சொல்லும்படி இல்லை. வெளியிலிருந்து எருவோ வைக்கோலோ வாங்கினால் ஒரு சோதனை கட்டாயம் செய்யுங்கள். சில களைக்கொல்லிகள், குறிப்பாக அமினோபைராலிட், புல்லைத் தின்ற மாட்டின் சாணத்திலும் அழியாமல் தங்கும். 2008-ல் பிரிட்டனில் வீட்டுத் தோட்டங்களில் தக்காளியும் பீன்ஸும் சுருண்டுபோய் அதன் விற்பனையையே சில காலம் நிறுத்திவைத்தார்கள். எருவைக் கலந்த மண்ணில் நாலு பீன்ஸ் விதை போட்டு மூன்று வாரம் பாருங்கள். இலை கிண்ணம்போலக் குவிந்து சுருண்டால் அந்த எரு வேண்டாம்.

அடுத்த தட்டு போடும் முன் உச்சமும் நீசமும் காட்டும் வெப்பமானி ஒன்றைக் குடிலின் நடுவில், நாற்றின் உயரத்தில், நேர்வெயில் படாமல் தொங்கவிடுங்கள். ஒரு வாரத்துக்கு இரண்டு எண்ணையும் குறித்து, நாற்றின் அடித்தண்டை நெருங்கி எடுத்த ஒரு படத்தோடு இங்கேயே எழுதுங்கள். பிறகு ரகம், உரம் எல்லாம் பேசலாம்.